ரீசெட் ஆகாத கேமரா: பழுது எந்த அடுக்கில்?

கண்காணிப்புக் கேமராக்களைப் பற்றிய புகார்களில் ஆளை அதிகம் அலையவிடுவது 'ரீசெட் ஆகமாட்டேன் என்கிறது' என்ற புகார்தான். படம் வராவிட்டால் கேபிளைப் பார்க்கலாம். இரவில் மங்கினால் முகப்புக் கண்ணாடியைத் துடைக்கலாம். கடவுச்சொல் மறந்துபோய், ரீசெட் பொத்தானையும் அழுத்தியாகிவிட்டது, கேமரா அசைந்து கொடுக்கவில்லை என்றால் அடுத்து எதைப் பார்ப்பது என்று வீட்டுக்காரருக்கும் தெரிவதில்லை, மாட்டிக் கொடுத்தவருக்கும் பல நேரம் தெரிவதில்லை. 'போர்டு போயிடுச்சு சார், புதுசு மாத்திடலாம்' என்ற தீர்ப்போடு நல்ல கேமரா குப்பைக்குப் போகிறது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத்தில் சொல்லப்படுவது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு கேமரா யாருடையது என்ற பதிவு அதன் உள்நினைவகத்தில் மட்டும் இருப்பதில்லை. பதிவுப் பெட்டியான என்விஆரிலும், தயாரிப்பாளரின் சர்வரிலும், மாட்டிக் கொடுத்தவரின் மின்னஞ்சலிலும்கூட அது இருக்கக்கூடும். பொத்தான் அழிப்பது முதல் இடத்தில் உள்ளதை மட்டுமே. மற்ற இடங்களில் பதிவு நீடிக்கும்வரை கேமரா பழைய உரிமையாளரின் கேமராவாகவே நடந்துகொள்ளும். எனவே பூட்டு எந்த அடுக்கில் விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பழுதுபார்ப்பின் முதல் வேலை.

பொத்தான் செய்வதும் செய்யாததும்

நெட்வொர்க் கேமரா என்பது லென்ஸ் பொருத்திய ஒரு சிறு கணினி. பெரும்பாலானவற்றில் ஓடுவது லினக்ஸ். அதன் ஃபிளாஷ் நினைவகம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கேமராவை எழுப்பும் தொடக்க நிரல் ஒன்றில் இருக்கும். இயங்குதளமும் கேமரா மென்பொருளும் சேர்ந்த ஃபர்ம்வேர் இன்னொன்றில் இருக்கும். பயனர் பெயர், கடவுச்சொல், ஐபி முகவரி, வைஃபை விவரம் போன்ற அமைப்புகள் வேறொன்றில் இருக்கும். ரீசெட் செய்வதென்றால் இந்தக் கடைசிப் பகுதியை அழித்துவிட்டு, ஆலையிலிருந்து வந்தபோது இருந்த அமைப்புகளுக்குத் திரும்புவது. ஃபர்ம்வேரை அது தொடுவதில்லை. ஆகவே அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போய்ப் பாதியில் கெட்ட ஃபர்ம்வேரை எத்தனை முறை ரீசெட் அழுத்தினாலும் சரிசெய்ய முடியாது. சீனச் சந்தைக்கென்று தயாரித்து, ஆங்கில ஃபர்ம்வேரை ஏற்றி வெளிநாடுகளில் விற்ற கேமராக்களிலும் இதே சிக்கல்தான். அவற்றில் முறையான ஃபர்ம்வேரை ஏற்றினால் மெனு சீன மொழிக்குப் போய்விடும், அல்லது மொழி பொருந்தவில்லை என்று கேமரா எழும்பாமலே நிற்கும். இவையெல்லாம் ஃபர்ம்வேர் அடுக்கின் பழுதுகள். இவற்றுக்கும் ரீசெட்டுக்கும் தொடர்பில்லை.

பொத்தான் வேலைசெய்யும் முறையும் எல்லாக் கேமராவிலும் ஒன்றல்ல. ஒரு வகையில், மின்சாரம் வரும் அந்த நொடியில் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று தொடக்க நிரல் பார்க்கும். இன்னொரு வகையில், கேமரா முழுதாக எழுந்து ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் மென்பொருள் பொத்தானைக் கவனிக்கும். முதல் வகைக் கேமராவை ஓடும்போது அழுத்தினாலும், இரண்டாம் வகையை எழும்போது அழுத்தினாலும் பயன் இருக்காது. சுவீடனைச் சேர்ந்த ஆக்ஸிஸ் நிறுவனத்தின் பல மாடல்களுக்குக் கையேடு சொல்லும் முறையைப் பாருங்கள்: மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இணைப்பைக் கொடுக்க வேண்டும், விளக்கு ஆம்பர் நிறத்தில் மினுக்கும்வரை, அதாவது 15 முதல் 30 விநாடி வரை, விடாமல் பிடித்திருக்க வேண்டும், பிறகு விரலை எடுத்துவிட்டு விளக்கு பச்சைக்கு மாறும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து விநாடியில் விரலை எடுத்தவருக்குக் கேமரா ரீசெட் ஆகாதது போலவே தெரியும். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் பிஓஇ கேமராவில் இன்னொரு இடைஞ்சல் உண்டு. கேமராவுக்குப் பக்கத்தில் மின் சுவிட்ச் கிடையாது. ஏணியில் ஒருவர் பொத்தானைப் பிடித்திருக்க, கீழே இன்னொருவர் கேபிளைச் செருக வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்யும்போது இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை.

இத்தோடு வேறு இரண்டு குழப்பங்களும் சேர்கின்றன. பல மாடல்களில் பொத்தான் மூடிக்குள், மெமரி கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சில மாடல்களில் பொத்தானே இல்லை. வெளியே தெரியும் ஊசித்துளையை ரீசெட் என்று நினைத்துக் குத்தினால், அது மைக்காக இருக்க, ரீசெட்டும் ஆகாமல் மைக்கும் கெடும். மற்றது மெனுவிலிருந்து செய்யும் ரீசெட். அதில் பெரும்பாலும் இரண்டு தெரிவுகள் இருக்கும். ஒன்று ஐபி முகவரியையும் பயனர் விவரங்களையும் விட்டுவைத்து மற்றதை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். மற்றது அனைத்தையும் அழிக்கும். முதலாவதைச் செய்துவிட்டு 'பாஸ்வேர்ட் மாறவே இல்லை' என்று சொன்னால், கேமரா சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

மின்சாரம் என்னும் முதல் சந்தேகம்

முறை சரியாக இருந்தும் ரீசெட் நடக்கவில்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை. இதற்கு ஒரு கணக்கு போதும். கேட்-5ஈ கேபிளில் உள்ள 24 கேஜ் செம்புக் கம்பி ஒன்றின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 84 ஓம். செலவைக் குறைக்க, உபயோகமில்லாத இரண்டு ஜோடிக் கம்பிகளில் 12 வோல்ட்டை நேரடியாக அனுப்பும் பழக்கம் நம்மூரில் பரவலாக உள்ளது. ஒரு ஜோடி போக, ஒரு ஜோடி வர என்று வைத்தால், 50 மீட்டர் தூரத்துக்குப் போய்வரும் மின்தடை சுமார் 4.2 ஓம். கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 2.1 வோல்ட் போய்விடும். கேமராவுக்குப் போய்ச் சேருவது 10 வோல்ட்டுக்கும் குறைவு. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் என்றால் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இழப்பு 3 வோல்ட்டைத் தாண்டும். பகலில் குறைவாக இழுக்கும் கேமரா, இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது அதிகம் இழுக்கும், வோல்ட்டேஜ் விழும், அணைந்து மறுபடி எழும். ரீசெட்டின்போது நினைவகத்தை அழித்து எழுதும் வேலை பாதியில் இப்படி அறுந்தால், அமைப்புப் பகுதி சிதைந்து உண்மையான பழுதாகவே மாறிவிடக்கூடும்.

முறையான பிஓஇ சுவிட்சிலும் கணக்கு உண்டு. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் சுவிட்சின் ஒரு துறை தரக்கூடியது 15.4 வாட், கேபிள் இழப்பு போகக் கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். திரும்பிச் சுழலும் மோட்டார், ஹீட்டர் போன்றவை உள்ள பெரிய கேமராக்களுக்கு இது போதாது. அவற்றுக்கு 2009-இன் 802.3ஏடி தரத்து 30 வாட் சுவிட்ச் வேண்டும். எனவே பரிசோதனை எளிது. கேமராவை இறக்கிக்கொண்டு வந்து, இரண்டு மீட்டர் நல்ல கேபிளில், தரம் தெரிந்த அடாப்டரிலோ சுவிட்சிலோ இணைத்து, மேசைமேல் வைத்து ரீசெட் செய்து பார்க்க வேண்டும். மேசையில் ரீசெட் ஆகிறது, சுவரில் ஆகவில்லை என்றால் குற்றம் கேமராவிடம் இல்லை.

ரீசெட் ஆகியும் ஆகாதது போலத் தோன்றுவது

அடுத்த வகை இன்னும் விசித்திரமானது: ரீசெட் முழுதாக நடந்திருக்கும், ஆனால் யாருக்கும் தெரியாது. அமைப்புகள் அழிந்தால் ஐபி முகவரியும் அழிந்து ஆலை முகவரி திரும்பும். ஹிக்விஷன் கேமராக்களுக்குப் பொதுவாக அது 192.168.1.64; தாஹுவாவுக்கு 192.168.1.108, ஆக்ஸிஸின் பழைய கேமராக்களுக்கு 192.168.0.90. வீட்டில் இருப்பதோ ஜியோ ஃபைபர் ரௌட்டர், அதன் முகவரி வரிசை 192.168.29-இல் தொடங்கும். இரண்டும் வேறு வேறு வரிசையானதால் பிரவுசரில் கேமரா திறக்காது. மொபைல் செயலி 'ஆஃப்லைன்' என்று காட்டும். உடனே ரீசெட் தோற்றது என்று முடிவு கட்டப்படுகிறது. லேப்டாப்பைக் கேமராவோடு கேபிளில் நேராக இணைத்து, லேப்டாப்புக்கு அதே வரிசையில் ஒரு முகவரி கொடுத்தால் கேமரா கண்ணில் படும். தயாரிப்பாளர்களே இலவசமாகத் தரும் தேடல் மென்பொருள்கள், ஹிக்விஷனுக்கு எஸ்ஏடிபி, தாஹுவாவுக்குக் கான்ஃபிக்டூல், முகவரி வரிசை வேறாக இருந்தாலும் அதே நெட்வொர்க்கில் உள்ள கேமராவைக் காட்டிவிடும். எஸ்ஏடிபி பட்டியலில் கேமராவுக்கு எதிரே 'செயல்படுத்தப்படவில்லை' என்ற நிலை தெரிந்தால் ரீசெட் வெற்றி என்று பொருள். 2015-இல் வந்த 5.3 ஃபர்ம்வேர் முதல் ஹிக்விஷன் கேமராவுக்குப் பொதுவான ஆலைக் கடவுச்சொல் கிடையாது. உரிமையாளரே புதிதாக ஒன்றை வைத்த பிறகுதான் அது இயங்கும். பழைய பழக்கத்தில் 12345 என்று அடித்துப் பார்த்து 'தவறு' என்று வந்தால் கேமராவைக் குறைசொல்ல முடியாது.

என்விஆரோடு இணைந்த கேமராவில் இதே குழப்பம் இரட்டிப்பாகும். என்விஆரின் பின்புறத்தில் உள்ள பிஓஇ துறைகளில் செருகிய கேமராக்கள், வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரிந்த ஒரு தனி உள்நெட்வொர்க்கில் இருக்கும். மொபைலிலோ லேப்டாப்பிலோ தேடினால் கிடைக்காது. அது மட்டுமல்ல, கேமராவின் கடவுச்சொல் மாறியது என்விஆருக்குத் தெரியாது. பழைய கடவுச்சொல்லோடு அது திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். தவறான முயற்சிகள் மிகுந்ததும், கேமரா அந்த முகவரியிலிருந்து வரும் எல்லா இணைப்பையும் குறிப்பிட்ட நேரத்துக்கு, பல மாடல்களில் அரை மணி நேரத்துக்கு, அடைத்துவிடும். சரியான கடவுச்சொல்லை என்விஆரில் இப்போது கொடுத்தாலும் ஏற்காது. கேமராவை என்விஆரிலிருந்து பிரித்துத் தனியாக ரீசெட் செய்து, புதிய கடவுச்சொல் வைத்து, என்விஆரில் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே ஒழுங்கான வரிசை. வைஃபை கேமராக்களில் இதற்கு இணையான தவறு அலைவரிசையில் நடக்கிறது. விலை குறைந்த பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். ரௌட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, மொபைல் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் ரீசெட் ஆன கேமராவும் மறு இணைப்பில் தடுமாறக்கூடும்.

பொத்தானுக்கு எட்டாத பூட்டு

மூன்றாவது அடுக்கான சர்வர்தான் இன்றைக்கு மிகக் கடினமானது. செயலியில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சேர்க்கும்போது, கேமராவின் சீரியல் எண் ஒரு கணக்கோடு தயாரிப்பாளரின் சர்வரில் பிணைக்கப்படுகிறது. கேமராவை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் சர்வரில் உள்ள இந்தப் பிணைப்பு பல நிறுவனங்களின் அமைப்பில் அறுவதில்லை. புதியவர் ஸ்கேன் செய்தால் 'இந்தக் கருவி வேறொரு கணக்கில் உள்ளது' என்று வரும். அந்தக் கணக்குக்காரர் தம் செயலியிலிருந்து நீக்க வேண்டும். அவர் கிடைக்கவில்லையென்றால் வாங்கிய ரசீதோடு நிறுவனத்திடம் போக வேண்டும். கடவுச்சொல் மீட்பிலும் இதுவே நிலை. தாஹுவா கருவிகளில் மீட்புக் குறியீடு, முதல் நாளில் பதிவுசெய்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அந்த மின்னஞ்சல் மாட்டிக் கொடுத்தவருடையதாக இருந்து, அவர் ஊரை விட்டே போயிருந்தால், கேமராவுக்குப் பணம் கொடுத்தவர் அதற்கு அந்நியராகிவிடுகிறார். சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் முன்னெடுத்த திட்டத்தின்போது குடியிருப்போரும் வணிகர்களும் சொந்தச் செலவில் தெருக்களில் கேமரா பொருத்தினார்கள். இப்படிப் பொதுவில் வாங்கும் கேமராவின் கணக்கு சங்கச் செயலாளரின் சொந்த மொபைல் எண்ணில் இருந்தால், அவர் பதவி மாறும் நாளில் சிக்கலும் தொடங்கும்.

பிணைப்பு அறாமல் நிற்பது தொந்தரவு என்றால், அறுந்ததாக நினைத்தது அறாமல் இருப்பது ஆபத்து. 2019 ஜூனில் அமெரிக்காவில் வெளியான ஒரு செய்தி இதை உணர்த்தும். கூகுளின் நெஸ்ட் கேமராவை முறைப்படி ரீசெட் செய்து விற்ற ஒருவர், புதிய உரிமையாளரின் வீட்டுக்குள்ளிருந்து வந்த படங்களைத் தம் கணக்கிலேயே பார்க்க முடிந்தது. முன்பு அந்தக் கேமராவை அவர் விங்க் என்ற வேறொரு நிறுவனத்தின் இணைப்புக் கருவியோடு சேர்த்திருந்தார். கேமராவின் ரீசெட் அந்தப் பிணைப்பைத் தொடவில்லை. செய்தி வெளியானதும் கூகுள் குறையைச் சரிசெய்தது. ரீசெட் 'வெற்றி' பெற்ற கேமராவிலும் உரிமைப் பதிவு வேறோர் இடத்தில் மிஞ்சலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எளிய ரீசெட் ஏன் கூடாது?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழுகிறது. பணம் கொடுத்து வாங்கியவருக்கு ஏன் இத்தனை தடைகள்? எல்லாக் கேமராவிலும் ஒரே பொத்தான், ஒரே முறை, பொதுவான ஒரு கடவுச்சொல் என்று வைத்தால் என்ன? இது புதிய கேமரா விற்பதற்கான தந்திரம் அல்லவா? இந்தக் கேள்விக்கு வரலாறு விடை சொல்லிவிட்டது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், 60-க்கும் மேற்பட்ட ஆலைக் கடவுச்சொற்களை வரிசையாக முயன்று லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-இல், இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் சேவையைத் தந்த டைன் நிறுவனத்தின் சர்வர்கள் மிராய் படையால் தாக்கப்பட்டபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. மிராய் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கியது. கேமராவை அணைத்துப் போட்டாலே மறைந்துவிடும். ஆனால் ஆலைக் கடவுச்சொல் மாறாதவரை சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். அப்படியானால், ரீசெட் செய்து ஆலைக் கடவுச்சொல்லுக்குத் திரும்புவது திருடனுக்கு மறுபடி கதவைத் திறந்து வைப்பதாகும். 'ரீசெட் செய்தால் ஹேக்கரும் போய்விடுவான்' என்ற பரவலான நம்பிக்கையும் இதனால் பாதிதான் உண்மை.

கடவுச்சொல் மீட்பை எளிதாக்கிய முயற்சியும் தோற்றதுண்டு. ஹிக்விஷனின் பழைய கேமராக்களுக்குச் சீரியல் எண்ணும் தேதியும் தந்தால் மீட்புக் குறியீடு கிடைக்கும். அந்தக் கணக்கு முறை வெளியே கசிந்ததும் யார் வேண்டுமானாலும் குறியீடு தயாரிக்க முடிந்தது. அதே நிறுவனத்தின் பல மாடல்களில், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய விட்ட குறை ஒன்று 2017-இல் வெளிப்பட்டது; அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதற்கு மிக உயர்ந்த ஆபத்து மதிப்பெண்ணான 10 கொடுத்து எச்சரித்தது. உரிமையாளருக்கு எளிதான வழி, கைக்கெட்டும் உயரத்தில் தெருவில் தொங்கும் கேமராவைத் தொடக்கூடிய எவருக்கும் எளிதான வழியே. ஆகவே தடைகள் வீம்புக்கு வைத்தவை அல்ல.

இதற்கு நேரெதிரான மறுப்பும் உண்டு: பாதுகாப்புதான் முக்கியமென்றால் மீட்பே இல்லாமல் பூட்டிவிடலாமே என்பது. சட்டங்கள் இந்தத் திசையில்தான் நகர்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் பொதுவான ஆலைக் கடவுச்சொல்லோடு கருவிகளை விற்பது சட்டவிரோதம். இந்தியாவில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்து, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கேமராவின் வன்பொருளும் மென்பொருளும் ஆய்வகத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும்; போர்டில் உள்ள சீரியல் முனைகள் போன்ற பழுதுபார்ப்பு வாசல்கள் முடக்கப்பட்டோ கடினமான கடவுச்சொல்லால் காக்கப்பட்டோ இருக்க வேண்டும். இதுவரை கெட்ட ஃபர்ம்வேரை அந்த முனைகளில் சீரியல் கேபிள் மாட்டிச் சரிசெய்துவந்த பழுதுபார்ப்பவர்களுக்கு வழி குறுகும். நோக்கம் சரிதான், விலையும் உண்டு. மீட்பு வழியை முற்றாக அடைத்தால் இன்னும் பத்தாண்டு உழைக்கக்கூடிய கருவி மின்குப்பையாகும். உரிமையாளர் இறந்தால், கடை மூடினால், நிறுவனமே சர்வரை நிறுத்தினால் கேமரா அநாதையாகும். சரியான நடுவழி தெளிவாகவே இருக்கிறது. பொத்தான் இருக்கட்டும், ஆனால் திருகு கழற்றித் திறக்கும் கூட்டுக்குள் இருக்கட்டும். ரீசெட் ஆனதும் பொதுக் கடவுச்சொல் வராமல் புதிய கடவுச்சொல்லை வைத்தாக வேண்டிய நிலை வரட்டும். சர்வர் பிணைப்பை அறுக்க ரசீதைக் காட்டும் முறை எல்லா நிறுவனத்திலும், குறித்த நாள்களுக்குள் முடிவதாக, இருக்கட்டும்.

சாதாரண மனிதருக்கு இந்த அடுக்குகளெல்லாம் புரியுமா, புதிதாக ஒன்று வாங்கிவிட்டுப் போகலாமே என்பது கடைசி மறுப்பு. புதிதாக வாங்கினாலும் அதே கேபிள், அதே ரௌட்டர், அதே என்விஆர், வேறொருவர் பெயரில் கணக்கு என்றால் அடுத்த முறையும் இதே கதைதான். சோதிக்கும் வரிசையோ எளியது: முதலில் மேசைமேல் நல்ல மின்சாரம், பிறகு கையேடு சொல்லும் விநாடிவரை பொத்தான், பிறகு நேரடிக் கேபிளில் ஆலை முகவரி, பிறகு என்விஆர், கடைசியில் சர்வர் கணக்கு. ஐந்தும் தோற்ற பிறகு போர்டைச் சந்தேகிக்கலாம். ரீசெட் வென்றாலும் வேலை முடிந்துவிடாது. கடிகாரத்தைப் பாருங்கள். பல சீனத் தயாரிப்புகள் ரீசெட் ஆனதும் பெய்ஜிங் நேரத்துக்குப் போகும். அது நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடும். நள்ளிரவுத் திருட்டு அதிகாலை இரண்டரை மணியாகப் பதிவானால், நீதிமன்றத்தில் அந்தப் பதிவை நியாயப்படுத்துவதே பெரும்பாடாகிவிடும்.

ஆக, ரீசெட் ஆகாத கேமரா பெரும்பாலும் ஒப்படைப்பு முறையாக நடக்காத கேமரா. கேமரா மாட்டும் நாளிலேயே நான்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: நிர்வாகி கடவுச்சொல், உங்கள் பெயரில் திறந்த செயலிக் கணக்கு, மீட்புக்கு உங்கள் சொந்த மின்னஞ்சல், சீரியல் எண் எழுதிய ரசீது. இவற்றைத் தர மறுப்பவரிடம் கேமராவை மாட்டச் சொல்லாதீர்கள்.